ஆன்டி-ஏலியாசிங்: எந்த கிராபிக்ஸ் கார்டு விளிம்பை அழகாகக் காட்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸின் ட்ரியோலேயில் இருக்கும் உங்களுக்கு ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு பழைய கார்டுகள் கிடைக்கின்றன: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி மற்றொன்று. உங்கள் ஊர்க் கோயிலின் முப்பரிமாண மாதிரியைத் தைப்பூசக் காவடியன்று பெரிய டிவியில் ஓடவிட நினைக்கிறீர்கள். கோபுரத்தின் விளிம்புகள் படிக்கட்டுப் போலத் தெரிவதும், காமிரா நகரும்போது அவை மினுமினுப்பதும் உங்களை உறுத்துகின்றன. இந்தக் குறையை மென்மையாக்கும் வேலைக்குத்தான் ஆன்டி-ஏலியாசிங் என்று பெயர். ‘விளிம்பு என்றாலே ரேடியான்தான்’, அதாவது ஏஎம்டியின் கார்டுதான், என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இணையத்தில் நீங்கள் பார்த்த படங்களோ நேர்மாறாகச் சொல்கின்றன. இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் இருக்கும் கேள்வி வேறு: விளிம்பின் அழகு கார்டுக்குள் இருக்கும் சில்லைப் பொறுத்ததா, அல்லது அந்தச் சில்லின் மேல் ஓடும் மென்பொருளைப் பொறுத்ததா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக எபேனில் ஒரு நிறுவனத்திலும் பின்னர் ரோஸ் ஹில்லில் வீட்டிலிருந்தும் கட்டடங்களின் முப்பரிமாணக் காட்சிகளைச் செய்து வருகிறேன். என் அனுபவம் கட்டடம், மரம், மெதுவாக நகரும் காமிரா ஆகியவற்றோடு நிற்கிறது, வேகமான விளையாட்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்த எல்லைக்குள் நின்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஒரு காலத்தில் விளிம்பின் தரம் பெரும்பாலும் சில்லைப் பொறுத்தே இருந்தது, உங்கள் நண்பரின் நம்பிக்கை அந்தக் காலத்தில் பிறந்தது, இன்று அது பெரும்பாலும் மென்பொருளைப் பொறுத்தது, ஆனால் அந்த மென்பொருளில் சில குறிப்பிட்ட நிறுவனத்தின் கார்டில் மட்டுமே ஓடும் என்பதால் கார்டின் பெயர் பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

ஒரே ஒரு விளிம்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோபுரத்தின் அடித்தளத்தில் ஓடும் நீண்ட கல்வரி ஒன்று, காமிரா சற்றே சாய்ந்திருப்பதால், 20 பிக்சல் தூரத்துக்கு ஒரு பிக்சல் என்ற அளவில் மேலேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் ஒரே ஒரு புள்ளியைச் சோதித்து ‘இங்கே கல்லா, வானமா’ என்று முடிவு செய்தால், 20 பிக்சலுக்கு ஒரு முறை விளிம்பு திடீரென ஒரு படி ஏறும்; கண்ணை உறுத்துவது அந்தப் படிதான். ஒரு பிக்சலுக்குள் நான்கு புள்ளிகளைச் சோதித்து அவற்றின் சராசரியை எடுத்தால் நிலைமை மாறும், ஆனால் அந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவற்றைச் சதுரக் கட்டங்களின் நடுவில் இரண்டிரண்டாக அடுக்கினால், நான்கு புள்ளிகள் இருந்தும் உயரங்கள் இரண்டுதான். நம் கல்வரியில் 10 பிக்சலுக்கு ஒரு முறைதான் நிறம் மாறும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஒரே ஒரு சாம்பல் நிறம்தான் கிடைக்கும். அதே நான்கு புள்ளிகளைச் சற்றுச் சுழற்றி வைத்தால் நான்குக்கும் நான்கு வெவ்வேறு உயரங்கள் அமையும். 5 பிக்சலுக்கு ஒரு முறை நிறம் மாறும், இடையே மூன்று சாம்பல் நிறங்கள் கிடைக்கும். கணக்கு வேலை அதே அளவுதான், பலன் இரு மடங்கு. ஏறத்தாழக் கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ ஓடும் கோடுகளில்தான் நம் கண் படிக்கட்டை எளிதில் கண்டுபிடிக்கும் என்பதால், கட்டடக் காட்சிகளுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

2000-இல் வந்த த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ5 5500 சுழற்றிய அடுக்கைப் பயன்படுத்தியது. அதே காலத்தில் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் வரிசையில் வந்த ஜீஃபோர்ஸ்2 சதுர அடுக்கில் நின்றது. 2001-இல் ஜீஃபோர்ஸ்3 எம்எஸ்ஏஏ என்ற முறையைக் கொண்டுவந்தது: விளிம்பை மட்டும் பல புள்ளிகளில் சோதித்து, உள் நிறத்தை ஒரு முறை மட்டும் கணக்கிடுவதால் வேகம் மிச்சமாகும். 2002-இல், பின்னாளில் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 9700 புரோ அந்த முறையைச் சிதறிய புள்ளிகளோடும், 6 புள்ளிகள் வரையிலும், அதற்கு மேல் காமா திருத்தத்தோடும் செய்தது. காமா திருத்தம் பலர் கவனிக்காத நுணுக்கம். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான பிக்சலுக்கு 0 முதல் 255 வரையுள்ள அளவில் 128 என்று எழுதினால் திரையில் அது பாதி வெளிச்சமாக இராது, மிகவும் இருண்டிருக்கும். ஏறத்தாழ 188 என்று எழுதினால்தான் சரியான பாதி வெளிச்சம் கிடைக்கும். இந்தத் திருத்தம் இல்லாத கார்டில் மென்மையாக்கப்பட்ட விளிம்பும் முறுக்கிய கயிறு போலத் தெரியும். மறு ஆண்டு வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் நான்கு புள்ளிகளைச் சதுர அடுக்கிலேயே வைத்திருந்தது. ஆகவே 2002, 2003-இல் உங்கள் நண்பர் சொன்னது முற்றிலும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவரும் அதை மறுக்க முடியாது. 2004-இல் ஜீஃபோர்ஸ் 6800 சுழற்றிய அடுக்குக்கு மாறியது, 2005-இல் ஜீஃபோர்ஸ் 7800 காமா திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. அத்தோடு இந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிட்டது.

அதன் பிறகு வந்த குழப்பம் பெயர்களால் வந்தது, அதில் நானே ஒரு முறை தவறினேன். 2007-இல் நான் வேலை செய்த இடத்தில் ஜீஃபோர்ஸ் 8800 ஒன்றும் ரேடியான் எச்டி 2900 ஒன்றும் இருந்தன. இரண்டிலும் ‘8 எக்ஸ்’, அதாவது பிக்சலுக்கு 8 புள்ளிகள், என்று வைத்து, ஒரே காட்சியை ஓடவிட்டு, ஜீஃபோர்ஸ் நன்றாக முந்துகிறது என்று எழுதிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜீஃபோர்ஸ் 8800-இன் அந்த ‘8 எக்ஸ்’ சிஎஸ்ஏஏ என்ற புதிய முறை: நிறத்துக்கு 4 புள்ளிகள், விளிம்பின் பரப்பைக் கணிக்க மட்டும் 8 புள்ளிகள். உண்மையான 8 நிறப் புள்ளிகள் வேண்டுமானால் ‘8 எக்ஸ் கியூ’ என்ற வேறொரு பெயரைத் தேர்ந்திருக்க வேண்டும். சிஎஸ்ஏஏ ஏமாற்று வேலை அன்று, நல்ல சிந்தனைதான். பெரும்பாலான விளிம்புகளில் அது குறைந்த செலவில் அழகான பலனைத் தந்தது. ஆனால் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று ஊடுருவும் இடத்தில் அந்தக் கூடுதல் புள்ளிகள் உதவுவதில்லை. நான் ஒப்பிட்டது ஒரே எண்ணை. ஒரே வேலையை அன்று. அன்றிலிருந்து, இரண்டு கார்டுகளில் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் ஒப்பிடுவதில்லை.

எம்எஸ்ஏஏ-வைப் பொறுத்தவரை இன்று சண்டைக்கு இடமில்லை. மைக்ரோசாஃப்டின் கிராபிக்ஸ் தரநிலையான டைரக்ட்3டி 10.1 நான்கு புள்ளிகளைக் கட்டாயமாக்கியதோடு, அவை பிக்சலுக்குள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் பிக்சலை 16-க்கு 16 நுண் கட்டங்களாகப் பிரித்துப் பொதுவான நிலைகளை வரையறுத்தது. உங்கள் இரண்டு கார்டுகளிலும் ஒரே காட்சியை 4 எக்ஸ் எம்எஸ்ஏஏ-வில் ஓடவிட்டால், கல்வரியின் விளிம்பில் உங்கள் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

ஆனால் உங்கள் கோயிலில் கல்வரி மட்டும் இல்லையே. கோபுரத்தின் உச்சியில் பித்தளைக் கலசங்கள் இருக்கின்றன. காமிரா நகரும்போது அவற்றின் மேல் வெயில் பட்டுப் பொறி பறப்பதுபோல மினுங்கும். அது விளிம்பில் நடப்பதில்லை, பரப்பின் நடுவில் நடக்கிறது. எம்எஸ்ஏஏ உள் நிறத்தை ஒரு முறைதான் கணக்கிடுகிறது என்று மேலே சொன்னேன், ஆகவே அந்த மினுங்கலை அது தொடுவதே இல்லை. எந்த நிறுவனத்தின் கார்டானாலும் இதே கதிதான். கோயிலுக்குப் பின்னால் கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கரும்புத் தோகை பெரும்பாலும் உண்மையான வடிவமாகச் செய்யப்படுவதில்லை. ஒரு தட்டையான தாளில் தோகையின் படத்தை ஒட்டி, மீதியை வெட்டி மறைக்கிறார்கள். கார்டின் கணக்கில் விளிம்பு அந்தத் தாளின் ஓரம்தான், தோகையின் ஓரம் அன்று. ஆகவே 8 எக்ஸ் வைத்தும் தோகைகள் பொரிபொரியாகவே தெரியும். இந்தக் குறைக்கு 2005-இல் இரு நிறுவனங்களும் தனித்தனி மருந்து கொண்டுவந்தன. இன்று காட்சியைச் செய்பவரே ‘ஆல்ஃபா டு கவரேஜ்’ என்ற வசதியை அந்தப் பொருளுக்கு இயக்கிவிட்டால், வெட்டின் மென்மை எம்எஸ்ஏஏ புள்ளிகளுக்குப் பகிரப்பட்டு, எந்தக் கார்டிலும் தோகை ஒழுங்காக வரும். முழுக் காட்சியையும் பெரிய அளவில் வரைந்து சுருக்கும் எஸ்எஸ்ஏஏ முறை கலசம், தோகை, கல்வரி மூன்றையும் ஒருசேரக் கவனிக்கும்; அதன் ஒரே குறை, நான்கு புள்ளிகளுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை.

அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இன்றைய வழி பிறந்தது. ஒரே நேரத்தில் பல புள்ளிகளைச் சோதிப்பதற்குப் பதிலாக, திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு சட்டகத்திலும் காமிராவைப் பிக்சலில் ஒரு சிறு பங்கு நகர்த்தி, ஒரே ஒரு புள்ளியைச் சோதித்து, முந்தைய சட்டகங்களின் நினைவோடு கலப்பது டிஏஏ. புதிய சட்டகத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவே இடம் கொடுத்து மீதியைப் பழைய நினைவிலிருந்து எடுப்பது வழக்கம். காமிரா அசையாமல் நின்றால் பலன் எஸ்எஸ்ஏஏ-வுக்குச் சமமாக இருக்கும், கலசம்கூட அமைதியாகிவிடும். காமிரா நகர்ந்தால், பழைய நினைவில் எந்தப் பிக்சல் இப்போது எங்கே போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் உருவத்தின் பின்னால் வால் இழுக்கும், அல்லது படம் மழுங்கும். காற்றில் ஆடும் தோகைக்கு அதன் அசைவைக் கார்டிடம் சொல்லும் தரவு இல்லையென்றால் தோகை புகை போலக் கரையும். காவடியில் செருகிய மயிலிறகின் நுண் இழைகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கார்டின் பெயர் மறுபடி நுழைவது இங்கேதான். பழைய நினைவில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதைக் கையால் எழுதிய விதிகள் முடிவு செய்யலாம், பயிற்சி பெற்ற நரம்பியல் வலை ஒன்றும் முடிவு செய்யலாம். காட்சியைச் சிறிய அளவில் வரைந்து பெருக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இரண்டாவது வழியில் செல்கிறது; ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டுமே ஓடும். அதையே அளவு பெருக்காமல், முழு அளவில் விளிம்புக்காக மட்டும் பயன்படுத்துவது டிஎல்ஏஏ. டிஎல்எஸ்எஸ்-ஸுக்குப் போட்டியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2, 2022-இல் கையால் எழுதிய விதிகளோடு வந்தது, எல்லா நிறுவனங்களின் கார்டுகளிலும் ஓடும். 2025-இல் ஆர்எக்ஸ் 9070 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4-இல்தான் ஏஎம்டியும் நரம்பியல் வலைக்கு மாறியது. அதாவது, நீங்கள் பார்க்கும் 6700 எக்ஸ்டி அந்த மாற்றத்துக்கு முந்தைய தலைமுறை. டிஎல்ஏஏ-வையும் எஃப்எஸ்ஆர் 2-ஐயும் மெல்லிய கம்பிகள், கம்பிக் கதவுகள், தோகைகள் உள்ள காட்சியில் நகரும் காமிராவோடு வைத்துப் பார்த்தபோது, டிஎல்ஏஏ அமைதியாக இருந்தது என்பதே என் கண்ணின் தீர்ப்பு. எஃப்எஸ்ஆர் 2-இல் புதிதாக வெளிப்படும் இடங்களில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து சுவர் தெரியத் தொடங்கும் இடம் போன்றவற்றில், பொரிப்பொரியாக ஒரு கணம் தெரிந்து அடங்கும். இந்த அளவு வரை உறுதியாகச் சொல்வேன். சற்று மழுங்கி அமைதியாக இருப்பது நல்லதா, சற்று மினுங்கினாலும் கூர்மையாக இருப்பது நல்லதா என்பது ரசனையைச் சேர்ந்தது. அதில் என் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது.

இணையத்தில் பார்த்த படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது. ஸ்கிரீன்ஷாட் எப்போதும் உண்மை பேசுவதில்லை. வூடூ5 காலத்தில் புள்ளிகளைக் கலக்கும் வேலை படம் திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் நடந்ததால், நினைவகத்திலிருந்து எடுத்த சாதாரண ஸ்கிரீன்ஷாட்டில் மென்மையே பதியாது; அதை வைத்துப் பலர் தவறான முடிவுக்கு வந்தார்கள். இன்று ஆபத்து வேறு வகை. டிஏஏ, டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் எல்லாமே காமிரா நின்றால் அழகாகத் தெரியும். ஆகவே நிற்கும் படத்தை வைத்து ஒப்பிடுவது, நடனத்தைப் புகைப்படத்தில் தீர்ப்பளிப்பது போன்றது. போதாக்குறைக்கு, ஜேபிஇஜி சுருக்கம் விளிம்பைச் சுற்றித் தன் சொந்த அழுக்கைச் சேர்க்கும். வீடியோ தளங்களின் சுருக்கமோ நாம் தேடும் மினுங்கலையே முதலில் துடைத்துவிடும்.

நீங்களே ஒப்பிட விரும்பினால், விற்பவர்கள் இருவரிடமும் உங்கள் கோயில் காட்சியை ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். காமிரா செல்லும் பாதையை முன்பே நிர்ணயித்து வையுங்கள், கையால் நகர்த்தாதீர்கள். கார்டோடு வரும் டிரைவர் அமைப்புகளில் விளிம்பு தொடர்பான எல்லாவற்றையும் ‘மென்பொருளே தீர்மானிக்கட்டும்’ என்று விடுங்கள். கூர்மையூட்டும் வசதிகளை இரண்டிலும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் கூர்மையூட்டல் சாம்பல் பிக்சல்களை மறுபடி வெள்ளை கறுப்பாக இழுத்து, ஒழுங்காகச் செய்த வேலையைக் கலைக்கும். ஸ்கிரீன்ஷாட்டைப் பிஎன்ஜி வடிவில் எடுத்து, பெரிதாக்கிப் பார்க்கும்போது 2 மடங்கு, 4 மடங்கு என்று முழு எண்ணில் மட்டும், இடைநிரப்பல் இல்லாமல் பெரிதாக்குங்கள். முதலில் கல்வரி, பிறகு கலசம், பிறகு தோகை என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் வென்றது இன்னொன்றில் தோற்கலாம். முடிந்தால் எந்தக் கார்டு ஓடுகிறது என்று தெரியாமல், வேறொருவரை மாற்றி மாற்றி ஓடவிடச் சொல்லிப் பாருங்கள். பெயர் தெரிந்தால் கண் பெயரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. என் கண்ணும் அப்படித்தான்.

டிவியையும் மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான டிவிகள் கடையிலிருந்து வரும்போதே கூர்மையூட்டலோடு வருகின்றன, சில படத்தின் ஓரத்தை வெட்டிச் சற்றுப் பெரிதாக்கியும் காட்டுகின்றன. அப்படிப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சலோடு கலந்துவிடும்; கார்டு எதுவானாலும் நீங்கள் பார்ப்பது டிவியின் வேலையைத்தான். அந்த இரண்டையும் அணைத்து, உள்ளீட்டைக் கணினி முறைக்கு மாற்றுங்கள்.

இனி உங்கள் இரண்டு கார்டுகள். காட்சி நேரடியாக ஓட வேண்டும், பார்வையாளர் தாமே சுற்றிவர வேண்டும், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் டிஎல்ஏஏ இருக்கிறது என்றால், விளிம்பு ஒன்றை மட்டுமே அளவுகோலாக வைத்து நான் 3060-ஐ எடுப்பேன். 2025-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய வலையும் அதில் ஓடும், புதிய கார்டுகளைவிடச் சற்று அதிகச் செலவோடு. மென்பொருளில் எம்எஸ்ஏஏ-வோ, அன்ரியல் எஞ்சின் 5 என்ற காட்சி மென்பொருளில் இயல்பாக இருக்கும் டிஎஸ்ஆர் என்ற முறையோ மட்டும்தான் என்றால் நிலைமை தலைகீழ்: அவை இரண்டு கார்டுகளிலும் ஒரே படத்தைத் தரும். அப்போது பொதுவான வரையும் வேகத்தில் முந்தும் 6700 எக்ஸ்டி, மிஞ்சிய வேகத்தைக் காட்சியைப் பெரிய அளவில் வரைந்து சுருக்குவதற்குச் செலவிட முடியும். அது எந்த டிரைவர் வசதியையும்விட நேர்மையான ஆன்டி-ஏலியாசிங்.

ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படிக்கும்போது, காவடியன்று காமிரா ஒரே பாதையில்தான் போகப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அதை நேரடியாக ஓடவிட வேண்டிய தேவையே இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உள்ள ஈவீ போன்ற ஒன்றில் பிக்சலுக்கு 64 புள்ளிகள் வைத்து, இரவு முழுவதும் ஓடவிட்டு வீடியோவாக எடுத்துவிடுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் கார்டே போதும், நேரம்தான் கூடும். கல்வரி, கலசம், தோகை மூன்றும் எந்த நிறுவனத்தின் எந்த நுட்பமும் தர முடியாத அளவுக்குச் சுத்தமாக வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீடியோவை 4கே அளவில் எடுங்கள். சாதாரண வீடியோ சுருக்கம் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தை நீளத்திலும் உயரத்திலும் பாதி அளவிலும் சேமிக்கிறது. 1080 வீடியோவில், கோபுரத்தின் சிவப்பும் நீலமும் அடுத்தடுத்து வரும் மெல்லிய வரிகளில் நிறம் ஒன்றோடொன்று வழிந்து கலங்கும். 4கே-இல் எடுத்தால் அந்தப் பாதி அளவே 1080-க்குச் சமமாகிவிடும்.